இடது காலின் கணக்கு

"வண்டி ஓட்டுவேன்" என்று ஓர் ஆண் சொன்னால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அதையே ஒரு பெண் சொன்னால் ஒரு துணைக் கேள்வி வரும்: "கியர் வண்டியா, கியர் இல்லாததா?" விழுப்புரம் பக்கத்தில் இந்தக் கேள்வியை டீக்கடையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் படிவம் நிரப்பித் தருகிறவரிடமும் கேட்டிருக்கிறேன். கடைசியில் சொன்னவருக்காவது ஒரு காரணம் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இருசக்கர வண்டி உரிமத்தையே கியர் உள்ளது, இல்லாதது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 50 சி.சி.க்கு மேல் போகாத கியர் இல்லாத வண்டியை 16 வயதிலேயே ஓட்டலாம். மற்றதற்கு 18 ஆக வேண்டும். சட்டத்தின் பார்வையில் கியர் என்பது பெரியவர் ஆவதன் அடையாளம். மற்றவர்கள் அந்தக் கேள்வியில் கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்: நீ முழு ஓட்டுநரா, பாதியா?

எங்கள் வீட்டில் இருப்பது 1989ஆம் வருடத்து டாடா 407. அந்த மாதிரி வண்டி முதலில் சந்தைக்கு வந்ததே 1986இல்தான் என்பதால் அதன் ஆரம்பகாலப் பிள்ளைகளில் ஒன்று என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஐம்பது, அறுபது வருடத்துப் பழைய ஃபோர்டு, செவர்லே டிரக்குகளை வாங்கிப் புதுப்பித்து, கையால் மாற்றும் கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஆட்டோமேட்டிக் பெட்டி மாட்டுவது பலருக்குப் பொழுதுபோக்கு. அதைச் செய்தால் வண்டியின் ஆன்மா போய்விடும் என்று சண்டைக்கு நிற்பது வேறு பலருக்குப் பொழுதுபோக்கு. நமக்குப் பழைய வண்டி அப்படியல்ல. கோலியனூரில் பழைய வண்டி என்றால் கடன் முடிந்த வண்டி, அவ்வளவே. அது இன்னும் சோறு போடுகிறது. கூட்டுரோட்டிலிருந்து நேரே போனால் வளவனூர் வழியாகப் புதுச்சேரி. தெற்கே திரும்பினால் பண்ருட்டி. அந்த இரண்டு சாலைகளுக்கு நடுவே பலாப்பழம், முந்திரிக்கொட்டை, நெல் மூட்டை, செங்கல், பந்தல் சாமான் என்று எங்கள் 407 ஏற்றாத சரக்கு குறைவு. அப்பா ஓட்டினார். அவருக்குப் பிறகு சம்பளத்துக்கு ஆள் வைத்தோம். ஆள் வராத நாட்களில் நான் ஓட்டினேன். இப்போது பெரும்பாலும் நான்தான்.

எனக்கு 51 வயது. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்சை மிதிக்கிற கால். பண்ருட்டிக்கு ஒரு நடை போய்வந்தபோது எத்தனை தடவை மிதிக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். 143க்கு மேல் எண்ண முடியவில்லை. சந்தைக்குள் நுழைந்துவிட்டது வண்டி. அப்போதுதான் இந்தக் கியர் பெட்டியைத் தூக்கிவிட்டு ஆட்டோமேட்டிக் போட்டால் என்ன என்ற யோசனை வந்தது. அந்த யோசனையை வெளியே சொன்ன நாளிலிருந்து எனக்குக் கிடைத்த பதில்கள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிளட்ச் பிளேட் இருக்கிற இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று உட்காரும். எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை ஓடவிட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா, அதுதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வண்டி நிற்கலாம், யாரும் கிளட்சை மிதிக்க வேண்டாம். அதற்குப் பின்னால் எண்ணெய் அழுத்தத்தில் தானாகப் பல் மாற்றிக்கொள்ளும் பெட்டி. இதை 407இல் மாட்ட, எஞ்சின் முகத்துக்கும் புதுப் பெட்டிக்கும் போல்ட் துளை ஒத்துவராது. லேத்தில் கொடுத்து நடுவே ஒரு தகடு கடைய வேண்டும். புரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் மாற்றி மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். பெட்டியின் எண்ணெய் சூடாகும், அதைக் குளிரவைக்கத் தனி ரேடியேட்டர். எங்கள் வண்டியில் டீசல் பம்பு பழைய மெக்கானிக்கல் பம்பு, கம்ப்யூட்டர் கிடையாது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதை ஒரு கேபிள் இழுத்துப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். முடியாத வேலை இல்லை. ஒருவர் சொன்ன மதிப்பீடு, வண்டியை விற்றால் வரும் விலையைவிடக் கொஞ்சம் அதிகம்.

எங்கள் மெக்கானிக் நல்ல மனிதர். அப்பா காலத்திலிருந்து பழக்கம். "வேணாம்க்கா" என்றார். காரணங்களை வரிசையாகச் சொன்னார். இறக்கத்தில் எஞ்சின் பிடிக்காது என்றார். கோலியனூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே ஏது இறக்கம், ரயில்வே மேம்பாலம்தான் நமக்கு மலை என்றேன். சிரித்தார். பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்றார். இது உண்மையான காரணம், ஒத்துக்கொண்டேன். டீசல் கூடக் குடிக்கும் என்றார், அதையும் ஒத்துக்கொண்டேன். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "அப்பா ஓட்டின வண்டிக்கா அது. அதப் போயி லேடீஸ் வண்டியா மாத்தணுமா?" என்றார்.

முதல் மூன்றும் இயந்திரத்தைப் பற்றியவை. நான்காவது எதைப் பற்றியது?

அப்பாவின் வண்டி என்பதிலிருந்து தொடங்குகிறேன். அந்த 407இல் அப்பா வாங்கியபோது இருந்தவை எவை என்று நானும் மெக்கானிக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எஞ்சின் பிளாக் ஒருமுறை மாறியிருக்கிறது. கேபின் கதவு இரண்டும் வேறு வண்டியிலிருந்து வந்தவை. பின்னால் மரப்பலகையாய் இருந்தது இப்போது இரும்பு. ஸ்டீயரிங் பாக்ஸை எடுத்துவிட்டுப் பவர் ஸ்டீயரிங் போட்டது அப்பாதான்; தோள் வலிக்கிறது என்று அவரே சொல்லி, அவரே காசு கொடுத்து. அன்றைக்கு யாரும் வண்டியின் ஆன்மா போச்சு என்று சொல்லவில்லை. "பெரியவரு வண்டிய சூப்பரா மாத்திட்டாரு" என்றுதான் சொன்னார்கள். பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் கேட்டார்களாம். அந்தக் கேள்வியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எந்தப் பலகையை யார் மாற்றும்போது அந்தக் கேள்வி எழுகிறது என்பதில்தான் ஆர்வம். ஆணின் தோளுக்காகச் செய்தது முன்னேற்றம். பெண்ணின் முழங்காலுக்காகக் கேட்பது சலுகை.

மோட்டார் வண்டியின் வரலாறே இப்படித்தான் நடந்திருக்கிறது. தொடக்கத்தில் பெட்ரோல் காரைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கைப்பிடி எகிறி மணிக்கட்டை உடைக்கும். மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் அமெரிக்காவில் அதைப் பெண்களுக்கான கார் என்று விற்றார்கள். பெட்ரோல் காரை உலகத்துக்கே விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் கார். பிறகு 1912இல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பொத்தானை அமுக்கினால் எஞ்சின் கிளம்பும். அதற்குப் பிறகு கைப்பிடி சுற்றியே தீருவேன் என்று எந்த ஆணும் அடம்பிடித்ததாகத் தெரியவில்லை. 1928இல் அதே நிறுவனம் பல் உரசாமல் கியர் விழும் சிங்க்ரோமெஷ் பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டுமுறை மிதித்து, காதால் எஞ்சின் வேகத்தைக் கேட்டு, சரியான நொடியில் லீவரைத் தள்ள வேண்டும். நம் ஊரில் பழைய லாரி ஓட்டிய தாத்தாக்கள் 'டபுள் கிளட்ச்' என்று சொல்லிப் பெருமைப்படுவது இதைத்தான். அந்தத் திறமை இன்றைய டிரைவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. அதனால் அவர்களை யாரும் பாதி டிரைவர் என்று சொல்வதும் இல்லை.

முழு ஆட்டோமேட்டிக் பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் விற்பனைக்கு வைத்தது. இரண்டு மூன்று வருடத்துக்குள் அதே பெட்டியை எதில் மாட்டினார்கள் தெரியுமா? இரண்டாம் உலகப் போரின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில். பீரங்கி வைத்த வண்டியில் கிளட்ச் பெடல் இல்லை. அதை லேடீஸ் டாங்கி என்று சொன்ன சிப்பாயைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. எங்கள் 407 பிறந்த அதே 1989இல் ஃபெராரி நிறுவனம் ஃபார்முலா 1 பந்தயக் காரில் கியர் லீவரை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டுகிற துடுப்புகளை வைத்தது. 2005இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1இல் ஓட்டியபோது அவர் காலுக்கடியில் கிளட்ச் பெடல் கிடையாது. அவரிடம் போய் "கியர் வண்டியா?" என்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது.

இவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். 1980இல் வந்த டிவிஎஸ் 50க்குக் கியர் இல்லை. அதன் வாரிசான எக்ஸ்எல்லுக்கும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் நெல் மூட்டை, நடுவில் ஆட்டுக்குட்டி, முன்னால் பால் கேன் என்று அதை ஓட்டிப்போகிற விவசாயியை யாரும் லேடீஸ் வண்டி ஓட்டுகிறவர் என்று சொல்வதில்லை. அதே கம்பெனியின் ஸ்கூட்டி வந்ததும் அது லேடீஸ் வண்டி. இரண்டுக்கும் உள்ளே இருக்கிற தத்துவம் ஒன்றுதான்: கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். ஆக எளிமை பெண்மை அல்ல. சம்பாதிக்கும் ஆண் ஏறினால் அது வசதி, பெண் ஏறினால் அது இயலாமை. இயந்திரம் ஒன்றே.

அரசாங்கமும் இந்தப் பழக்கத்திலிருந்து தப்பவில்லை. 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான இருசக்கர வாகன மானியத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. பாதி விலை, அல்லது 25,000 ரூபாய் வரை. நல்ல திட்டம், எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் அதில் வண்டி வாங்கினார்கள். ஆனால் விதிமுறையில் வண்டி கியர் இல்லாததாகவோ தானியங்கிக் கியர் உள்ளதாகவோ, 125 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. எனக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று நான் கேட்பது வேறு, உனக்கு இதுதான் என்று இன்னொருவர் முடிவு செய்வது வேறு. இதற்கு நேர் எதிராக, 2025 மகளிர் தினத்தில் சென்னையில் பெண்கள் ஓட்டும் இளஞ்சிவப்பு ஆட்டோக்கள் ஓடத் தொடங்கின. கையால் கியர் மாற்றும் ஆட்டோவைப் பெண்கள் காலங்காலமாகவே ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1993இலேயே குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணால் கிளட்சை மிதிக்க முடியுமா என்பது முடிந்துபோன விவாதம். மிதித்துத்தான் நிரூபிக்க வேண்டுமா என்பதுதான் முடியாதது.

கஷ்டத்தில்தான் மதிப்பு இருக்கிறது என்று சொல்கிறவர்களைச் சமையலறையில் முதலில் சந்தித்தோம். 1955இல் கோவையில் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கினார். குழவியைப் பிடித்துச் சுற்றும் தோளுக்கு வந்த விடுதலை அது. அப்போதிலிருந்து இன்றுவரை "ஆட்டுக்கல்லு மாவு ருசியே வேற" என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். மாவு ஆட்டியவர்கள் வாயில் கேட்டதில்லை. 2011இல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது பெண்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று பேசியவர்களில் மாவாட்டியவர் எத்தனை பேர்? பாடுபடும் உடம்பு ஒன்று, அந்தப் பாட்டின் புனிதத்தைப் பேசும் வாய் வேறொன்று. இயந்திரம் மனிதரை விடுவிக்கும் என்று பெரியார் 'இனிவரும் உலகம்' எழுதியதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவருக்குக் கஷ்டத்தின் மீது பக்தி இருந்ததில்லை.

இந்த இடத்தில் வாதம் முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. எளிமையின் மீது எனக்கும் முழு நம்பிக்கை இல்லை.

அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பை 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை' என்று தமிழில் சொல்லலாம். வேலையைக் குறைக்க வந்த சாதனங்கள் வீட்டில் இருந்த ஆண், குழந்தைகள், கூலியாள் இவர்களின் பங்கைத்தான் குறைத்தன, வீட்டுப் பெண்ணின் வேலை குறையவில்லை என்பது அவர் காட்டுவது. எங்கள் தெருவில் மானிய ஸ்கூட்டி வாங்கிய மூவரையே பார்க்கிறேன். வண்டி வந்த பிறகு பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மாமியாரை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கேஸ் புக் பண்ணப் போவது, ரேஷன் எல்லாம் அவர்கள் தலையில். "வண்டிதான் இருக்குதே" என்ற ஒரு சொல் போதும். சுதந்திரமும் வந்தது, கூடவே வேலைப் பட்டியலும் வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அவர்கள் ஓட்டுகிறார்கள்.

இதைவிட எனக்கு உறுத்துவது வயலில் நடப்பது. கோலியனூரைச் சுற்றி நெல், கரும்பு. நடவு என்றால் பெண்கள். குனிந்த முதுகு நிமிராமல், சேற்றில் பின்னோக்கி நடந்து, நாள் முழுக்க. அந்த வேலையில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு உரிமமோ, உடுப்போ, 'டிரைவர்' என்கிற மாதிரி ஒரு பட்டமோ என்றைக்கும் கிடையாது. பிறகு நடவு இயந்திரம் வந்தது. வேலை எளிதாயிற்று. உட்கார்ந்தே நடலாம். உட்கார்ந்தது யார்? நான் பார்த்த வயல்களிலெல்லாம் ஓர் ஆண். நட்டவர்கள் வரப்பில் நின்று நாற்றுத் தட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள், அல்லது இயந்திரம் விட்டுப்போன மூலைகளில் குனிந்து நடுகிறார்கள். கஷ்டமாக இருந்தவரை பெண் வேலை. எளிதானதும் ஆண் வேலை, கூலியும் அதிகம். எளிமை வருவது மட்டும் போதாது, அது யாருடைய இருக்கைக்கு அடியில் வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தையும் கேட்டுப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆனால் உடற்குறை உள்ளவருக்காக மாற்றலாம். முன்பு அப்படிப்பட்ட வண்டிக்கு ஆங்கிலத்தில் நோயாளியின் வண்டி என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. 2019 திருத்தத்தில் அதைத் தகவமைத்த வண்டி என்று மாற்றினார்கள். சொல் மாறியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுச் சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் சான்றளிக்கப்பட வேண்டும். முப்பது வருடம் தண்ணீர்க் குடம் தூக்கி, களத்தில் குந்தியிருந்து, பிறகு கிளட்ச் மிதித்துத் தேய்ந்த முழங்கால் எத்தனை சதவீதம்? மாற்றம் என்றால் ஒன்று நான் ஊனமுற்றவள் என்று நிரூபிக்க வேண்டும், அல்லது அப்பாவைப் போல ஓட்ட வேண்டும். நடுவில் 51 வயதுப் பெண்ணுடல் என்ற ஒன்று இருக்கிறது. அதற்கான படிவம் இன்னும் அச்சாகவில்லை.

இந்த விஷயத்தில் என்னோடு கடுமையாகச் சண்டை போட்டது மெக்கானிக் இல்லை, என் அக்கா மகள். அவளுக்கு 22 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு இந்த வண்டியைத்தான் பழகுகிறாள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இலகுரக உரிமம் இருந்தால் 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உறுதி செய்ததைப் பேப்பரில் காட்டியவளே அவள்தான். எங்கள் 407 அதற்குள் அடங்கிவிடும்.

"என்னா சித்தி, உங்களுக்கு வண்டி மட்டும் போதும். எனக்கு வேல வேணும்" என்றாள். "நான் இதுலயே ஆட்டோமேட்டிக்ல பழகிட்டா, நாளைக்கு வேற எவன் வண்டில ஏற முடியும்? விழுப்புரத்துல சம்பளத்துக்கு நிக்கிற வண்டி அத்தனையும் கிளட்ச் வண்டி. டிரையல் பாக்கறப்ப பெடல் எங்கன்னு தேடிட்டு இருந்தா அனுப்பிடுவாங்க."

"அப்ப என் காலு?"

"உங்க காலுக்கு நான் ஓட்டறேன். வண்டிய மாத்தாதீங்க."

அவளுக்கு நான் பல பதில் சொன்னேன். காலம் எப்படியும் மாறுகிறது, 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடியில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன, அவற்றில் கிளட்ச் என்ற பேச்சே கிடையாது, பத்து வருடத்தில் இந்தத் திறமைக்கு டபுள் கிளட்சின் கதிதான் என்றேன். "அந்தப் பத்து வருசம் நான் என்னா சாப்டறது?" என்றாள். நியாயம். எங்கள் இருவரில் யார் பெண்ணியவாதி என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் கதவு திறப்பதற்காகப் பழைய சாவியைக் கேட்கிறாள், நான் பூட்டை மாற்றச் சொல்கிறேன். இரண்டும் உடம்பிலிருந்துதான் வருகிறது. 22 வயது முழங்காலும் 51 வயது முழங்காலும் ஒரே தத்துவத்துக்கு வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம்.

அவள் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. அவள் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. கிளட்சை அடிவரை அழுத்த இடுப்பைச் சரித்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கி, கால்விரல் நுனியால் மிதிக்கிறாள். பாதி உடம்பு மிதிக்கிறது, பாதி உடம்பு விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் பெண்பிள்ளைகள் பந்து எறியும் விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முழு உடம்பையும் வீசாமல் கையை மட்டும் வீசுகிறார்கள்; அது எலும்பின் குற்றமல்ல, உடம்பை முழுசாக விரிக்காதே என்று சின்ன வயதிலிருந்து கற்றுக்கொண்டதன் விளைவு என்பது அவர் வாதம். அதைப் படித்தபோது முழுக்க ஒத்துக்கொண்டேன். 407இன் கேபினுக்குள் பார்க்கும்போது ஒரு திருத்தம் சொல்லத் தோன்றுகிறது. சில சமயம் மனத்தில் ஏறிய பாடம் காரணமில்லை. இருக்கை தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவின் தொடை நீளத்துக்கு யாரோ அதை நிலையாக போல்ட் போட்டுவிட்டார்கள். நான் ஓட்டும்போது முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொள்வேன். முப்பது வருடமாகத் தலையணைதான். அது என் பக்கத்துக் குறை, என் உயரத்தின் குறை என்று வண்டியில் ஏறிய எல்லோரும் நம்பினார்கள்.

மெக்கானிக்கிடம் சொன்னோம். "இதுக்கு ஏன்க்கா இவ்ளோ நாளு?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வேன் சீட்டின் தண்டவாளத்தை எடுத்து வந்து, கேபின் தரையில் வெல்டிங் வைத்து, முன்னும் பின்னும் நகரும்படி செய்துவிட்டார். கிளட்ச் பெடலின் முகத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கட்டையும் ஏற்றினார். ஒரு மத்தியானத்து வேலை. இதை லேடீஸ் சீட் என்று அவர் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வரும் டிரைவரும் மறுநாள் அதை நகர்த்திப் பார்த்து நல்லா இருக்கு என்றார். அவரும் குள்ளம்தான். இத்தனை வருடம் அவரும் தொங்கித்தான் மிதித்திருக்கிறார், வாய் திறந்ததில்லை.

சீட்டை நகர்த்தியதால் என் முழங்கால் குணமாகிவிடவில்லை. முன்பைவிட நேராக மிதிக்கிறேன், அதனால் வலி கொஞ்சம் தள்ளி, இரவு ஒன்பது மணிக்கு மேல் வருகிறது. ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான மதிப்பீட்டுத் தாள் டேஷ்போர்டு பெட்டிக்குள் இன்ஷூரன்ஸோடு சேர்ந்து கிடக்கிறது. சித்திரையில் எஃப்.சி. வருகிறது, அதற்கு முன் எதுவும் செய்ய வேண்டாம் என்று அக்கா மகள் சொல்லியிருக்கிறாள். எஃப்.சி. முடிந்ததும் பலா சீசன். பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்குத் தினம் ஒரு நடை. போகும்போது அவளும் வரும்போது நானும் என்று பேசி வைத்திருக்கிறோம். வரும்போது வண்டி காலி, கியர் குறைவாக மாற்றினால் போதும். இந்த ஏற்பாட்டுக்கு அவள் வாரம் இவ்வளவு என்று சம்பளம் கேட்டிருக்கிறாள். வெளி டிரைவருக்குக் கொடுப்பது எவ்வளவோ அவ்வளவு, ஒரு ரூபாய் குறையக் கூடாதாம்.